வீட்டுக்குள் லாவெண்டர்: ஒளியும் உலர்வும்

துளசி, தும்பை, புதினா, கற்பூரவல்லி ஆகியவற்றைக் கொண்ட தும்பைக் குடும்பத்தில்தான் லாவெண்டரும் அடங்கும் என்பதை, அதன் நாற்கோணத் தண்டு, எதிரெதிராக அமைந்த இலைகள், உதடு பிளந்தாற்போன்ற பூ ஆகிய மூன்று அடையாளங்களைக் கொண்டே எவரும் கண்டுகொள்ளலாம். இந்த உறவை நம்பி, மாடத்துத் துளசிக்குச் செய்யும் பணிவிடையையே அதற்கும் செய்ய முற்படும்போதுதான் இடர் தொடங்குகிறது. துளசிக்கு நாள் தவறாமல் ஒரு செம்பு நீர் ஊற்றுவது பக்தியும் பராமரிப்பும் ஒன்றாகிவிட்ட வழக்கம். அதே செம்பு நீரை நாள் தவறாமல் பெறும் லாவெண்டரோ, பெரும்பாலும் சில வாரங்களிலேயே அடித்தண்டு கறுத்து, வேர் அழுகி மடிந்துவிடுகிறது.

லாவண்டுலா என்னும் இப்பேரினத்தில் நாற்பதுக்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. அட்லாண்டிக் பெருங்கடலின் கானரித் தீவுகள் தொடங்கி, மத்தியதரைக் கடலின் இரு கரைகள், அரேபியத் தீபகற்பம் வழியாக இந்தியா வரை அவை பரவியிருக்கின்றன. தக்காணத்திலும் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் தானாகவே வளரும் லாவண்டுலா பைபின்னேட்டா என்னும் இனம் இருப்பதால், லாவெண்டரை முழுக்க முழுக்க அயல்நாட்டுச் செடி என்று சொல்வதற்கில்லை. எனினும் தொட்டிச்செடியாக விற்பனைக்கு வருபவற்றில் பெரும்பாலானவை மத்தியதரைப் பகுதியின் இனங்களோ அவற்றின் கலப்பினங்களோதாம். அப்பகுதியில் மழை குளிர்காலத்தில் பெய்கிறது, கோடை வறண்டு கிடக்கிறது. செடி நிற்கும் இடமோ மரநிழல் அற்ற, கற்கள் நிறைந்த, நீர் தங்காத சரிவு. இலைகளின் சாம்பல் நிறம்கூட அந்த வாழ்வின் விளைவுதான். இலைப்பரப்பை மூடியிருக்கும் நுண்ணிய முடிகள் கடும் வெயிலைச் சிதறடிப்பதோடு, இலையை ஒட்டி அசைவற்ற காற்றுப்படலம் ஒன்றைத் தேக்கி, நீர் ஆவியாகி வெளியேறுவதைக் குறைக்கின்றன. அம்முடிகளுக்கிடையே பதிந்திருக்கும் சுரப்பிகளில்தான் நறுமண எண்ணெய் சேமிக்கப்படுகிறது.

வீட்டுச்செடிகள் என்று பெயர்பெற்ற மணிபிளான்ட், பிலோடென்ட்ரான், பீஸ் லில்லி போன்றவை வெப்பமண்டலக் காடுகளின் அடிநிழலில் பிறந்தவை. அறையின் மங்கலான ஒளியும் மாறாத வெதுவெதுப்பும் அவற்றுக்குப் பிறந்த இடத்தை நினைவூட்டுகின்றன. லாவெண்டருக்கு அறை என்பது எல்லா வகையிலும் பிறந்த இடத்துக்கு எதிரானது. ஆகவே இதை வீட்டுக்குள் வளர்ப்பது என்பது, செடியை அறைக்குப் பழக்குவது அன்று. அறையின் ஒரு மூலையையாவது அந்த மலைச்சரிவுக்கு நெருக்கமாக மாற்றியமைப்பதாகும். இந்த இயலில் வரும் குறிப்புகள் அனைத்தும் அந்த ஒரு முயற்சியின் பகுதிகளே.

எந்த லாவெண்டர்?

வணிகப் பெயர்களைக் கொண்டு லாவெண்டரை வாங்குவது குழப்பத்தில் முடியும். இங்கிலீஷ் லாவெண்டர் எனப்படுவது இங்கிலாந்தில் தோன்றியதன்று, தென்பிரான்சு, ஸ்பெயின், இத்தாலி ஆகிய நாடுகளின் மலைகளில் தோன்றியது. பிரெஞ்சு லாவெண்டர் என்ற பெயரோ பிரிட்டனில் ஓர் இனத்தையும் அமெரிக்காவில் வேறோர் இனத்தையும் குறிக்கிறது. தாவரவியல் பெயர் எழுதிய அட்டை தொட்டியில் இருந்தால் மட்டுமே வாங்குவது என்று முடிவு செய்துகொள்வது, பின்னால் வரும் பல ஏமாற்றங்களைத் தவிர்க்கும்.

நறுமண எண்ணெய்க்குப் புகழ்பெற்றது லாவண்டுலா அங்குஸ்டிபோலியா, அதாவது ஒடுங்கிய இலை கொண்ட லாவெண்டர். இதன் எண்ணெயில் லினலூல், லினலைல் அசிட்டேட் என்னும் இரு சேர்மங்கள் மிகுந்தும், கற்பூர நெடி குறைந்தும் இருப்பதால் மணம் இனிமையானது. ஹிட்கோட், மன்ஸ்டெட் ஆகிய புகழ்பெற்ற தோட்ட வகைகள் இந்த இனத்தைச் சேர்ந்தவை; இரண்டுமே இங்கிலாந்தின் தோட்டங்களின் பெயரைத் தாங்கியவை. பெயரைக் கேட்டதும் வாங்கத் தோன்றும் இவ்வினத்தை வீட்டுக்குள் வளர்ப்பதில் ஒரு பெரிய தடை உண்டு. இதன் பல வகைகள், ஏறத்தாழ 5 டிகிரி செல்சியஸ் அளவிலான குளிரில் பல வாரங்களைக் கழித்த பிறகே நிறைவாகப் பூக்கின்றன. குளிரைக் கடந்த பிறகுதான் பூக்கும் ஆற்றல் பெறும் இந்த இயல்பைத் தாவரவியலார் குளிர்த்தூண்டல் என்பர். கோதுமையின் குளிர்கால வகைகளிலும் இதே இயல்பு உண்டு. ஆண்டு முழுவதும் 25 டிகிரிக்குக் குறையாத அறையில் வைத்த ஹிட்கோட் செடி சாகாமல் இருந்தாலும், ஆண்டுக்கணக்கில் வெறும் இலையாகவே நிற்கக்கூடும். சம்மு காசுமீரின் தோடா மாவட்டத்து பதர்வா பகுதியில், இந்திய அறிவியல் மற்றும் தொழிலக ஆராய்ச்சி மன்றத்தின் நறுமணத் திட்டத்தின்கீழ் லாவெண்டர் வெற்றிகரமான பயிராக வளர்ந்திருப்பதற்கும் அங்குள்ள மலைக்குளிரே அடிப்படை. விதையிலிருந்து முளைத்த முதலாண்டிலேயே பூக்கக்கூடிய லேடி என்னும் வகை, 1994-இல் அமெரிக்காவின் ஆல்-அமெரிக்கா செலக்சன்ஸ் விருதைப் பெற்றது. அங்குஸ்டிபோலியாவைத்தான் வளர்ப்பது என்று உறுதியாக இருப்பவர்கள் இதனைத் தேடலாம்.

வீட்டுக்குள் வளர்ப்பதற்கு மிகப் பொருத்தமானது லாவண்டுலா டென்டேட்டா. இலை விளிம்பு அரம் போன்ற சிறு பற்களாக வெட்டுண்டிருப்பதே இப்பெயருக்குக் காரணம். அதைக் கொண்டே இதனை ஐயமின்றி அடையாளம் காணலாம். இது பூப்பதற்குக் குளிரை எதிர்பார்ப்பதில்லை, போதிய வெயில் கிடைத்தால் ஆண்டின் பெரும்பகுதி பூத்துக்கொண்டே இருக்கும். மணத்தில் கற்பூர வாடை சற்றுத் தூக்கலாக இருப்பது சிலருக்குக் குறையாகத் தோன்றலாம். ஆனால் பூவாத இனிய மணத்தைவிடப் பூக்கும் கார மணம் மேல் என்பதே அனுபவம் உள்ள வளர்ப்பாளர்களின் தேர்வாக இருக்கும். டென்டேட்டாவின் வழிவந்த குட்வின் கிரீக் கிரே என்னும் கலப்பின வகையும் சாளரத்தோரத்தில் நன்கு நிலைக்கிறது.

பூக்கதிரின் உச்சியில் முயல்காதுபோல் நிமிர்ந்து நிற்கும் ஊதாநிறப் பூவடிச் செதில்களைக் கொண்ட லாவண்டுலா ஸ்டோயிக்காஸ், நாற்றுப்பண்ணைகளில் பூத்த நிலையில் வைக்கப்பட்டுப் பார்ப்போரைக் கவர்வது. பிற இனங்களுக்கு ஏற்ற சுண்ணாம்பு மண் இதற்கு ஒத்துவராது. பூத்து முடிந்தபின் அறைக்குள் விரைவில் களைத்தும் போகிறது. ஆகவே இதைச் சில வார அழகுக்கென வாங்குவதில் தவறில்லை, நெடுநாள் துணையாக எண்ணினால்தான் வருத்தம். லாவண்டின் எனப்படும் பெருங்கலப்பினங்களோ எண்ணெய்ப் பண்ணைகளுக்கானவை. அவற்றின் உருவத்துக்குச் சாளரப்படி போதாது.

ஒளி

லாவெண்டருக்கு நாளொன்றுக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம் நேரடி வெயில் வேண்டும். நடுப்பகல் வெயிலில் திறந்தவெளியின் ஒளி ஒரு லட்சம் லக்சு அளவை எட்டும்; லக்சு என்பது ஒரு பரப்பின்மீது விழும் ஒளியை அளக்கும் அலகு. அதே வேளையில், சாளரத்திலிருந்து இரண்டு மீட்டர் தள்ளிய அறைப்பகுதியில் ஆயிரம் லக்சுகூடக் கிடைப்பது அரிது. நூறில் ஒரு பங்காகக் குறைந்த இந்த ஒளியை மனிதக் கண் உணர்வதில்லை, ஏனெனில் கண் தன்னைத் தகவமைத்துக்கொண்டு அதனை ஈடுசெய்துவிடுகிறது. நல்ல வெளிச்சமான அறை என்று வீட்டார் கருதும் இடத்தில் செடி பட்டினி கிடப்பது இதனால்தான். கைப்பேசியில் இயங்கும் ஒளிமானிச் செயலி ஒன்றைக் கொண்டு அளந்து பார்க்கலாம். அதுவும் இல்லையெனில், செடி நிற்கப்போகும் இடத்தில் கையை நீட்டி, விழும் நிழலின் விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல் கூர்மையாக இருக்கிறதா என்று பார்த்தாலே போதும். நிழல் மங்கிப் பரந்து விழுந்தால் அவ்விடம் லாவெண்டருக்கு உரியதன்று.

எந்தத் திசைச் சாளரம் என்ற கேள்விக்கு, ஐரோப்பிய, அமெரிக்க நூல்கள் தெற்கு என்ற ஒரே விடையைத் தருகின்றன; தமிழில் வரும் குறிப்புகள் பலவும் அதை அப்படியே எடுத்தாள்கின்றன. இலண்டன், டொராண்டோ போன்ற வட அட்சரேகை நகரங்களில் சூரியன் எக்காலமும் நண்பகலில் தென்வானத்திலேயே இருப்பதால் அந்த விடை அங்கே முற்றிலும் சரியானது. சென்னையின் அட்சரேகை 13 டிகிரி வடக்கு. ஏப்ரல் இறுதி வாரத்தில் சூரியன் சென்னையின் உச்சியைக் கடந்து வடக்கே சென்று, ஆகஸ்ட் நடுப்பகுதியில்தான் திரும்பி வருகிறது. இடைப்பட்ட ஏறக்குறைய நான்கு மாதங்கள் தெற்குச் சுவரின்மீது நேர்வெயில் படுவதே இல்லை. கன்னியாகுமரியிலும் யாழ்ப்பாணத்திலும் இந்தக் காலம் இன்னும் நீள்கிறது. அதற்கு முன்னும் பின்னும் உள்ள வாரங்களிலும் நண்பகல் சூரியன் ஏறத்தாழத் தலைக்குமேல் நிற்பதால், சாளரத்துக்கு மேலே நீட்டிக் கட்டிய சன்ஷேடு வெயிலை உள்ளே விடுவதில்லை. தெற்குச் சாளரம் நன்கு பயன்படுவது ஐப்பசி முதல் மாசி வரையில்தான். எனவே தமிழகத்திலும் இலங்கையிலும் ஆண்டு முழுவதும் நம்பத்தக்கது கிழக்குச் சாளரமே. காலை வெயில் சாய்ந்து வருவதால் சன்ஷேடு அதைத் தடுப்பதில்லை, சுவர் சூடேறும் முன்பே செடி தன் பங்கைப் பெற்றுவிடுகிறது. மேற்குச் சாளரம் வெயிலைத் தந்தாலும், அந்நேரத்துக்குள் சுவரும் தொட்டியும் கொதித்திருக்கும். கிழக்கு நோக்கிய மாடிமுகப்பு வாய்த்தவர்கள் அதன் கைப்பிடிச் சுவரை ஒட்டிய இடத்தைச் சாளரத்தைவிட மேலானதாகக் கொள்ளலாம்.

வெயில் போதாத வீடுகளில் எல்.இ.டி. விளக்கே வழி. வெண்ணிற ஒளி தரும், முப்பது வாட் அளவிலான ஒரு விளக்கைச் செடியின் உச்சிக்கு மேல் 20 முதல் 30 சென்டிமீட்டர் உயரத்தில் தொங்கவிட்டு, நாளொன்றுக்குப் பதினான்கு மணி நேரம் எரியவிட்டால் மாதத்துக்கு ஏறத்தாழ 13 யூனிட் மின்சாரம் செலவாகும். ஊதாநிற ஒளி உமிழும் விளக்குகளை வாங்க வேண்டியதில்லை. வெண்ணிற ஒளியில் செடிக்குத் தேவையான சிவப்பும் நீலமும் அடங்கியே இருக்கின்றன, செடியின் உடல்நலத்தைக் கண்ணால் கணிக்கவும் வெண்ணிற ஒளிதான் ஏற்றது. விளக்கை இரண்டு மடங்கு உயரத்தில் கட்டினால் செடிக்குக் கிடைக்கும் ஒளி பாதிக்கும் கீழே இறங்கிவிடும் என்பதால், உயரத்தில் தாராளம் காட்டக் கூடாது. ஒளிக்குறைவின் அறிகுறிகள் தெளிவானவை: கணுக்களுக்கிடையே இடைவெளி நீள்கிறது, சாம்பல் நிறம் போய் வெளிறிய பச்சை தோன்றுகிறது, தண்டு ஒருபுறம் சாய்கிறது, இலையைக் கசக்கினால் மணம் மெலிந்திருக்கிறது. இந்நிலையில் உரமிடுவது, பசித்தவனை ஓடச் சொல்வதற்கு ஒப்பாகும்.

தொட்டி, மண், நீர்

வீட்டு லாவெண்டர்களைக் கொல்வதில் பூச்சிகளுக்கு இருக்கும் பங்கைவிட நீர்க்குவளைக்கு இருக்கும் பங்கு பெரியது. வேர்கள் மூச்சு விடுகின்றன. மண்துகள்களுக்கிடையே உள்ள வெளியில் காற்று இருந்தால்தான் அது இயலும். அவ்வெளி முழுவதையும் நீர் நிரப்பிவிட்டால் வேர்நுனிகள் திணறிச் சாகின்றன. அப்படிச் செத்த வேர்களின் வழியாகப் பைட்டோப்தோரா, பித்தியம் போன்ற, பூஞ்சைகளை ஒத்த நுண்ணுயிர்கள் நுழைந்து வேரழுகலை உண்டாக்குகின்றன. வேர் அழுகிய செடியால் நீரை உறிஞ்ச முடியாததால் இலைகள் வாடித் தொங்குகின்றன. அதைத் தாகம் என்று தவறாக எண்ணி மேலும் நீர் ஊற்றப்படுகிறது. வாடிய செடிக்கு நீர் வார்க்கும் முன் மண்ணைத் தொட்டுப் பார்ப்பது என்ற ஒரே பழக்கம், இந்தச் சுழலை அறுத்துவிடும்.

சுடுமண் தொட்டி இதற்கு மிகப் பொருத்தமானது, ஏனெனில் அதன் சுவரின் நுண்துளைகள் வழியாகவும் ஈரம் வெளியேறுகிறது. பளபளப்புப் பூசிய பீங்கான் தொட்டிக்கும் பிளாஸ்டிக் தொட்டிக்கும் அந்த இயல்பு இல்லை. அளவில் சிக்கனம் வேண்டும்: இளஞ்செடிக்கு 15 சென்டிமீட்டர் விட்டமுள்ள தொட்டி போதும், மாற்றி நடும்போதும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் மட்டுமே கூட்ட வேண்டும். வேர் எட்டாத மண் நாட்கணக்கில் ஈரமாகவே கிடக்கும் என்பதால், வளரட்டும் என்று பெரிய தொட்டியில் நடுவது நன்மையைவிடத் தீமையே செய்யும். தொட்டியின் அடியில் ஒரு கைப்பிடி சல்லியைப் பரப்பினால் நீர் நன்கு வடியும் என்ற நம்பிக்கை பரவலாக இருந்தாலும் அது சரியன்று. நுண்துளைகளைக் கொண்ட மண், முற்றிலும் நனையும் வரை தன் நீரைப் பருந்துளைகளைக் கொண்ட சல்லிக்குள் விடுவதில்லை. விளைவாக, தொட்டியின் அடியில் தேங்கியிருக்க வேண்டிய ஈரம் சல்லியின் உயரத்துக்கு மேலேறி, வேருக்கு இன்னும் அருகில் வந்து நிற்கிறது. மண் ஒழுகாமல் இருக்கத் துளையின்மேல் ஓர் ஓட்டாஞ்சில்லைக் கவிழ்த்து வைத்தால் போதும்.

வடிகாலைத் தீர்மானிப்பது மண்கலவை முழுவதும்தான். செம்மண் ஒரு பங்கு, நன்கு கழுவிய பெருமணல் ஒரு பங்கு, பெர்லைட் அல்லது பட்டாணி அளவில் உடைத்த செங்கல் குருணை ஒரு பங்கு, மண்புழு உரம் அரைப் பங்கு என்ற கலவை பெரும்பாலான இடங்களுக்கு ஒத்துவரும். பெர்லைட் என்பது ஒருவகை எரிமலைக் கண்ணாடியைச் சூடேற்றிப் பொரித்தெடுத்த வெண்ணிற மணிகள். எடை குறைந்தவை, மண்ணில் காற்றுக்கு இடம்விடுபவை. கடற்கரை மணலை உப்பின் காரணமாக ஒதுக்க வேண்டும். இன்று பெரும்பாலான கடைக்கலவைகளின் அடிப்படையாக இருக்கும் தென்னை நார்க்கழிவு நீரைப் பிடித்துவைப்பதில் வல்லது. மற்றச் செடிகளுக்கு வரமாகும் அந்தக் குணம் லாவெண்டருக்குச் சாபமாகிறது. நாற்றுப்பண்ணையிலிருந்து வந்த செடியின் வேர்ப்பந்து முழுவதும் நார்க்கழிவாக இருந்தால், அதில் பாதியையாவது மெல்ல உதிர்த்துவிட்டுப் புதிய கலவையில் நடுவது நல்லது. மண்ணின் கார அமிலத்தன்மை 6.5 முதல் 7.5 வரை இருக்கலாம். மண் அமிலத்தன்மை கொண்டதாக இருந்தால் தொட்டிக்கு ஒரு தேக்கரண்டி டோலமைட் சுண்ணாம்புத்தூளைக் கலக்கலாம், ஸ்டோயிக்காஸ் இனத்துக்கு மட்டும் அது வேண்டாம்.

நீர் ஊற்றுவதற்கு நாள்கணக்கு வைக்கக் கூடாது. ஓர் ஈர்க்குச்சியை மண்ணில் மூன்று விரற்கடை ஆழத்துக்குச் செருகி எடுத்தால், அது மண் ஒட்டாமல் உலர்ந்து வரும் நாளே நீர் ஊற்றும் நாள். தொட்டியைத் தூக்கி அதன் எடையை உணர்வது இன்னும் நல்ல முறை. நீர் குடித்த தொட்டிக்கும் காய்ந்த தொட்டிக்கும் உள்ள எடை வேறுபாட்டைக் கை இரண்டு வாரத்தில் கற்றுக்கொள்ளும். ஊற்றும்போது துளை வழியே வழியும் வரை நிறைய ஊற்றி, கால்மணி நேரத்துக்குப் பின் தட்டில் தேங்கியதைக் கொட்டிவிட வேண்டும். நாள்தோறும் சிறிதளவு தெளிப்பதைவிட, காயவிட்டு முழுமையாக நனைப்பதே இச்செடியின் இயல்புக்கு ஏற்றது. இலைகளின்மேல் நீர் தெளிப்பதை அறவே தவிர்க்க வேண்டும். ஆழ்துளைக் கிணற்று நீரில் உள்ள சுண்ணாம்பு இதற்குத் தீங்கன்று. உப்பு மிகுந்த நீராக இருந்தால், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மழைநீரையோ நல்ல நீரையோ தொட்டியின் கொள்ளளவைப்போல் இரு மடங்கு ஊற்றி, மண்ணில் சேர்ந்த உப்பைக் கழுவி வெளியேற்றலாம்.

உரத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வளரும் பருவத்தின் தொடக்கத்தில் ஒரு கைப்பிடி மண்புழு உரம் போதும். தழைச்சத்து மிகுந்தால் தண்டு கொழுத்து, பூ குறைந்து, மணமும் மங்கும்.

வெப்பம், குளிர், காற்று

பகலில் ஒளிச்சேர்க்கையால் சேர்த்த சர்க்கரையை, செடி இரவில் தன் சுவாசத்துக்குச் செலவிடுகிறது. இரவின் வெப்பம் கூடக் கூட இந்தச் செலவும் கூடுகிறது. மத்தியதரைப் பகுதியின் மலைகளில் கோடைப் பகல் எவ்வளவு சுட்டாலும் இரவு குளிர்ந்துவிடும். தமிழகத்தின் சமவெளியில் சித்திரை, வைகாசி மாத இரவுகளிலும் வெப்பம் பெரிதாக இறங்குவதில்லை. கடலோரங்களில் காற்றின் ஈரப்பதமும் சேர்ந்துகொள்ள, தொட்டி மண் காய மறுக்கிறது, பூஞ்சைகள் செழிக்கின்றன. குளிர்சாதன அறை இதற்கு மாற்றாகுமா என்று கேட்போருக்கு, அங்கே குளிரும் உலர்வும் கிடைத்தாலும் அத்தகைய அறைகளில் திரை விலக்கப்படுவதே இல்லை என்பதை நினைவூட்ட வேண்டும்.

உண்மையை மறைக்காமல் சொன்னால், சென்னை, மதுரை, யாழ்ப்பாணம் போன்ற இடங்களில் லாவெண்டரைப் பருவச்செடியாகக் கருதுவதே அறிவுடைமை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின், மார்கழிக் கடைசியிலோ தைப் பிறப்பிலோ ஒரு டென்டேட்டாவை வாங்கிவைத்தால், பங்குனி வரை அதன் பூவும் மணமும் கிடைக்கும். அதன்பின் அது கோடையைக் கடந்தால் வளர்ப்பவரின் திறமை, கடக்காவிட்டால் அவருடைய குற்றமன்று. உதகமண்டலம், கொடைக்கானல், ஏற்காடு, நுவரெலியா போன்ற மலையூர்களில் நிலைமை வேறு. அங்கே குளிர் போதிய அளவில் உண்டு, இடர் தருவது மழையும் மூடுபனியுமே. அத்தகைய ஊர்களில் சாளரமும் கண்ணாடிக்கூரையும் செடிக்குக் குடையாகப் பயன்படுகின்றன.

கனடாவிலும் பிரிட்டனிலும் வாழும் தமிழர்களுக்கு இக்கணக்கு முற்றிலும் தலைகீழாகிறது. தரையில் வேரூன்றிய அங்குஸ்டிபோலியா சுழியத்துக்குக் கீழ் 20 டிகிரிக் குளிரையும் தாங்கும். தொட்டியிலோ வேர்களைச் சுற்றியுள்ள மண் எல்லாப் பக்கமும் உறைந்துவிடுவதால் அத்தாங்குதிறன் குறைகிறது. டென்டேட்டா கடும் உறைபனியைத் தாங்காது. ஆகவே கோடை முழுவதும் வெளியே நின்ற தொட்டியை முதல் உறைபனிக்கு முன் உள்ளே கொண்டுவர வேண்டும். டொராண்டோவில் திசம்பர் மாதப் பகல் ஒன்பது மணி நேரமே. அந்தக் குறைந்த ஒளியோடு, சூடேற்றிய வரவேற்பறையின் 21 டிகிரி வெப்பமும் சேர்ந்தால், செடி ஓய்வெடுக்கவும் முடியாமல் வளரவும் முடியாமல் நூல்போல் நீள்கிறது. சூடேற்றப்படாத கண்ணாடி முகப்பிலோ, 5 முதல் 10 டிகிரி வரை நிற்கும் வெளிச்சமான படிக்கட்டுப் பகுதியிலோ வைத்து, மண் பாதியளவு காய்ந்த பின்பே நீர் ஊற்றி உறங்கவிடுவது நல்லது; அங்குஸ்டிபோலியாவுக்கு வேண்டிய குளிர்த்தூண்டலும் அப்போது தானே நிறைவேறிவிடும். வசந்தத்தில் வெளியே வைக்கும்போது, முதல் வாரம் நிழலிலும் பின்னர் மெல்ல வெயிலிலுமாகப் பழக்காவிட்டால் இலைகள் கருகும்.

எங்கு வளர்த்தாலும் காற்றோட்டம் இன்றியமையாதது. மற்றத் தொட்டிகளோடு நெருக்கி வைக்காமல் ஒரு சாண் இடைவெளி விட்டு, சாளரத்தைத் திறந்துவைக்க இயலாத நாட்களில் மின்விசிறியை மெதுவாகச் சுழலவிட்டால், அடியிலைகளில் தொற்றும் சாம்பல்நிறப் பூஞ்சை பெருமளவு தவிர்க்கப்படும். வெள்ளை ஈ, அசுவினி, மாவுப்பூச்சி, உலர்ந்த அறைகளில் சிலந்திப்பேன் ஆகியவை வரக்கூடும். வேப்பெண்ணெயைச் சில துளி சோப்புக் கரைசலோடு நீரில் கலந்து, மாலையில் இலையின் அடிப்புறம் படுமாறு வாரம் ஒருமுறை தெளிப்பது போதுமானது. முன்னர் விலக்கிய இலைநனைப்புக்கு இது மட்டுமே விதிவிலக்கு. தெளித்தபின் விசிறிக்காற்றில் இலைகளை உலரவிட வேண்டும்.

கவாத்து

லாவெண்டர் புதர்ச்செடி, அதன் அடித்தண்டு ஆண்டுதோறும் மரத்தன்மை பெறுகிறது. இலையற்று மரத்துப்போன பகுதியில் உறங்கும் மொட்டுகள் மிகக் குறைவு என்பதால், அப்பகுதிக்குள் வெட்டினால் கிளை மீண்டும் துளிர்ப்பது அரிது. செம்பருத்தியையும் ரோசாவையும் தைரியமாக வெட்டிப் பழகிய கை இங்கே தன்னை அடக்கிக்கொள்ள வேண்டும். பூத்து முடிந்தவுடன், பசுந்தண்டின் மூன்றில் ஒரு பங்கை, வெட்டுக்குக் கீழே சில இணை இலைகளாவது எஞ்சுமாறு நறுக்கி உருண்டை வடிவாக்குவது ஆண்டுக் கவாத்து. இளஞ்செடியில் நுனிகளை இரண்டு மூன்று முறை கிள்ளிவிட்டால் பக்கக்கிளைகள் பெருகும். ஓராண்டு கவாத்தைத் தவறவிட்ட செடி, நடுவில் வெறுமையாகவும் ஓரங்களில் மட்டும் இலையோடும் கூடையைக் கவிழ்த்தாற்போல் பரந்துவிடும். அதை வெட்டித் திருத்த முயல்வதைவிட, நுனிகளை எடுத்துப் புதுச்செடிகளை உண்டாக்குவதே எளிது.

அதற்குப் பூவில்லாத இளந்தண்டுகளை எட்டு சென்டிமீட்டர் நீளத்தில் கணுவுக்குக் கீழே நறுக்கி, கீழ்ப்பாதி இலைகளை உருவிவிட்டு, வேரூக்கிப் பொடியில் தொட்டு, மணலும் பெர்லைட்டும் சமமாகக் கலந்த சிறு கிண்ணங்களில் செருக வேண்டும். நேர்வெயில் படாத வெளிச்சத்தில், மண் நனைந்தும் நனையாமலும் இருக்குமாறு பார்த்துக்கொண்டால் மூன்று முதல் ஆறு வாரங்களில் வேர் பிடிக்கும். பத்துப் போத்துகளில் ஆறேழு பிழைத்தால் அது நல்ல விளைச்சல்தான். விதை வழியில் வளர்ப்பதற்குப் பொறுமை வேண்டும். விதைகளை ஈரமணலோடு கலந்து குளிர்பதனப் பெட்டியில் மூன்று நான்கு வாரங்கள் வைத்தெடுத்து, மண்ணால் மூடாமல் மேலாகத் தூவினால், முளைப்பு இரண்டு வாரத்திலும் நிகழலாம், இரண்டு மாதமும் ஆகலாம். முளைத்தவை தாய்ச்செடியைப் போலவே இருக்கும் என்பதற்கும் உறுதியில்லை. விதைப் பொட்டலத்தின் மேலட்டையில் உள்ள ஊதாநிறப் புல்வெளிப் படத்தை நம்பிச் செலவிடுவதைவிட, அறிந்தவர் வீட்டுச் செடியிலிருந்து நான்கு போத்துகளைக் கேட்டு வாங்குவது உறுதியான தொடக்கம்.

மணமும் பூவும்

சாளரத்தில் ஒரு லாவெண்டர் இருந்தால் அறை முழுதும் மணக்கும் என்றும், கொசுக்கள் அண்டா என்றும் நிலவும் எதிர்பார்ப்புகள் நிறைவேறுவதில்லை. எண்ணெய், சுரப்பிகளுக்குள் மெல்லிய தோலால் மூடப்பட்டிருக்கிறது. கை உரசினாலோ இலை கசங்கினாலோதான் அது வெளிவருகிறது. வடித்தெடுத்த எண்ணெய்க்குக் கொசுவை விலக்கும் ஆற்றல் ஓரளவு இருந்தாலும், அசையாமல் நிற்கும் தொட்டிச்செடிக்கு அது இல்லை. கொசுவலையைக் கழற்றிவிட வேண்டாம். பூனையோ நாயோ வளர்க்கும் வீடுகளில் தொட்டி அவற்றுக்கு எட்டாத உயரத்தில் இருப்பது நல்லது. இலையிலுள்ள லினலூல் முதலியவற்றால் அவற்றுக்கு வாந்தியும் உணவு வெறுப்பும் ஏற்படக்கூடும். செறிவான எண்ணெய் அவற்றுக்கு இன்னும் தீங்கானது.

உலர்த்தி வைப்பதற்கான பூங்கதிர்களை, கதிரின் அடிப்பகுதியில் மூன்று நான்கு பூக்கள் மட்டும் விரிந்த நிலையில், காலையில் பனி உலர்ந்த பிறகு வெட்ட வேண்டும். எண்ணெயின் பெரும்பகுதி பூவிதழ்களில் இல்லாமல் அவற்றைத் தாங்கும் புல்லிவட்டத்தில் இருப்பதால், பூக்கள் முழுதும் விரியும் வரை காத்திருப்பதால் மணம் கூடுவதில்லை, உதிர்வதுதான் கூடுகிறது. கதிர்களைச் சிறு கட்டுகளாக நூலால் கட்டினால், காம்பு உலர்ந்து சுருங்கும்போது கட்டு தளர்ந்து விழுந்துவிடும். ரப்பர் வளையம் காம்போடு சேர்ந்து தானும் சுருங்கிக்கொள்ளும். கட்டுகளைத் தலைகீழாக, இருட்டும் காற்றோட்டமும் உள்ள இடத்தில் இரண்டு மூன்று வாரம் தொங்கவிட்டால், காம்பை வளைக்கும்போது சடக்கென ஒடியும் பதம் வரும். மழைக்காலத்தில் அந்தப் பதம் வராமல் பூசணம் பிடிக்கும் வாய்ப்பு இருப்பதால், கட்டுக்கு ஏழெட்டுக் கதிர்களுக்குமேல் சேர்க்காமல், விசிறிக்காற்று படும் இடத்தில் தொங்கவிட வேண்டும்.